அணைத்தது யாருடைய கை?

தொலைபேசி அடித்தபோது முப்லிஹாவின் இரண்டு கைகளும் ஒரு பிரிண்டரின் வயிற்றுக்குள் இருந்தன.

தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டாள்.

"ஹலோ…"

மறுமுனையில் மூச்சு மட்டும்.

"ஹலோ, ஆரு?"

"கொம்பியூட்டர் திருத்துற புள்ளதானே?" ஒரு பெண்ணின் குரல். யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்று பேசுகிற குரல். "நான் கல்லடியில இருந்து டினுஷா டீச்சர். என்ட கொம்பியூட்டர் தானா அணையுது."

"எத்தன நாளா டீச்சர்?"

"பத்து நாளா."

"தூசி பிடிச்சுச் சூடேறுதாக்கும். வந்து பாக்கன்."

"தூசி இல்ல தங்கச்சி… அத அணைக்கிறது என்ட அவர்."

"அப்ப அவரிட்டயே ஒரு சொல்லுச் சொன்னா…"

"அவர் செத்து மூணு மாசம்."

முப்லிஹா பிரிண்டரிலிருந்து கையை வெளியே எடுத்தாள்.

காத்தான்குடியில் அவளுடைய கடை, ஒரு தையல் கடைக்கும் ஒரு மருந்துக் கடைக்கும் இடையில் நெரிபட்டுக் கிடந்தது. வயது இருபத்தொன்பது. பெண்கள் தனியாக இருக்கும் வீடுகளில் கணினி படுத்துவிட்டால், கல்லடி தொடங்கி நாவற்குடா வரை, முதலில் தேடப்படுகிறவள் அவள்தான். வைரஸ் பார்த்திருக்கிறாள். எலி கடித்த வயர் பார்த்திருக்கிறாள். ஒரு தடவை பெட்டிக்குள் பாம்புச் சட்டைகூடப் பார்த்திருக்கிறாள்.

ஆவி இதுதான் முதல் தடவை.

ஸ்கூட்டரை எடுத்தாள்.

*

டினுஷா டீச்சரின் வீடு வாவிக் கரையில் இருந்தது. காலை பத்து மணி. சனிக்கிழமை. நல்ல வெயில். ஆனாலும் அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் கைகள் சில்லிட்டன.

கூடத்தில் ஒரு படம். மாலை. சிவப்பு பல்பு. நாற்பது வயதுச் சிரிப்பு.

"ஜூலியன்," என்றாள் டினுஷா. முப்பத்தாறு வயதிருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. "தன்னாமுனையில இருந்து தனிய வள்ளத்துல போனவர். வள்ளம் கவிண்டு கிடந்தது. நாலாம் நாள்தான் கரையோரக் கண்டல் மரத்து வேருக்குள்ள ஆள எடுத்தாங்க. முகமெண்டு ஒண்டு இல்ல. உடம்பில கிடந்த சேட்டையும் மோதிரத்தையும் வெச்சுத்தான்… நான்தான் ஓம் எண்டு சொன்னன்."

முப்லிஹா பையைக் கீழே வைத்தாள்.

"வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புற ஏஜென்சி வெச்சிருந்தவர். எல்லாம் இதுக்குள்ளதான்." கடைசி அறையைத் திறந்தாள் டினுஷா. மேசை, சுழல் நாற்காலி, கறுப்புப் பெட்டி, எதிரே ஒரு பெரிய ஜன்னல். "நினைவுப் பூசைக்கு ஒரு படம் தேடி பத்து நாளைக்கு முன்னாலதான் முதல் தரமா இதுல இருந்தன். அஞ்சு நிமிசம்… அணைஞ்சிட்டு. திருப்பிப் போட்டன். திருப்பி அணைஞ்சிட்டு."

"எப்பிடி அணையுது? பட்டெண்டா?"

"சில நேரம் பட்டெண்டு. சில நேரம்…" டினுஷாவின் குரல் இறங்கியது. "ஆரோ போயிட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போற மாதிரி, மெதுவா."

முப்லிஹா நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு விதம். ஒரு நோய்க்கு இரண்டு விதமாகக் காய்ச்சல் வராது.

"இன்னொண்டும் இரிக்கு தங்கச்சி. இதுல இருக்கக்குள்ள ஆரோ என்னப் பாக்கிற மாதிரி இரிக்கும். பிடரியில பார்வை படுற மாதிரி."

"வீட்டுக்குள்ள வேற ஆரும்…?"

"நான் மட்டும்தான். அடக்கம் முடிஞ்சு ஒரு கிழமையில கள்ளனொருத்தன் பின் கதவ உடைச்சிட்டு வந்தான். ஒண்டையும் எடுக்கல்ல. இந்தப் பெட்டிர வயர் மட்டும் கழண்டு கிடந்தது. பக்கத்து ஆக்கள் சத்தம் போட ஓடிட்டான். அண்டைக்கே எல்லாப் பூட்டையும் மாத்தி கம்பியும் அடிச்சிட்டன்."

"கள்ளனும் பயந்திட்டானாக்கும்," என்று சொல்லிப் பார்த்தாள் முப்லிஹா.

டினுஷா சிரிக்கவில்லை.

முப்லிஹா பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினாள். தூசி. உப்புக் காற்று தின்ற திருகாணிகள். பவர் சப்ளையின் விசிறி முனகிக்கொண்டு சுற்றியது. ஓட்டைக்குள் டோர்ச் அடித்தாள். உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் இரண்டு கப்பாசிட்டர் குமிழ்கள், வாயில் காற்றை அடக்கியது போல உப்பி நின்றன.

"இதோ டீச்சர், உங்கட ஆவி."

"இதுவா?"

"மின்சாரத்தப் பிரிச்சுக் குடுக்கிற பெட்டி. இது பழுதாப் போனா, பாரம் கூடுற நேரம் தாங்காது. பட்டெண்டு அணையும். கடைக்குக் கொண்டு போறன். நாளைக்குத் தாறன்."

பெட்டியை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து வளவில் விளக்குமாற்றுச் சத்தம் நின்றது. இரண்டு மாடி வீடு. எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தன. வேலியோரத்தில் ஒரு பெண், ஒல்லியாக, ஐம்பதை எட்டிக்கொண்டிருந்தாள்.

"கொம்பியூட்டரையா கொண்டு போறிங்க?"

"ஓம் கேதீஸ் அக்கா," என்றாள் டினுஷா. பிறகு முப்லிஹாவிடம், "வீட்டுக்காரர் லண்டனில. கேதீஸ்வரி அக்காதான் கூட்டித் துப்புரவாக்கிப் பாத்துக்கொள்றவ. இவட தம்பி தவேந்திரன் எங்கட இவர்ர ஏஜென்சியாலதான் ருமேனியாவுக்குப் போனவன்."

"நல்லா இரிக்காராமா?" என்று மரியாதைக்குக் கேட்டாள் முப்லிஹா.

"மெசேஜ் போடுவான்." கேதீஸ்வரி விளக்குமாற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். "செத்தவர்ர சாமான் டீச்சர். அதத் திருத்தி என்ன செய்யப்போறிங்க? பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்திருங்க."

*

கடையில் பழைய பவர் சப்ளையோடு நாற்பது நிமிடம் ஓடிப் பொத்தென்று விழுந்தது.

புதியதை மாட்டினாள். தூசி ஊதினாள். பிராசஸரின் மேல் காய்ந்து கிடந்த பசையைத் துடைத்துப் புதிதாகத் தடவினாள். ரேமைக் கழற்றி, முனைகளைத் தேய்த்து, மீண்டும் சொருகினாள். வேண்டுமென்றே பாரமான வேலை கொடுத்து ஓட விட்டாள்.

ஒரு மணி நேரம்…

மூன்று மணி நேரம்…

பின்னேரம் பள்ளியில் அஸருக்குப் பாங்கு சொல்லும்வரை ஒரு தும்மல்கூட இல்லை.

"ஆவியுமில்ல, கீவியுமில்ல," என்றாள் பெட்டியைத் தட்டி.

ஞாயிறு பூசை முடிந்து டினுஷா வந்த பிறகு, பின்னேரம் மூன்று மணிக்குக் கொண்டுபோய் அதே மேசையில் வைத்தாள். வயர் கொளுவினாள். டினுஷாவை நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"பாருங்க டீச்சர். ஆறுதலாப் படத்தத் தேடுங்க."

டினுஷா ஒரு படத்தைத் திறந்தாள். இன்னொன்று. கலியாணப் படம். மகிழடித்தீவில் யாரோ ஒருவருடைய விருந்து. அவள் முகத்தில் மெல்ல இரத்தம் ஊறியது.

பதினோராவது நிமிடம்.

திரை நீலமானது. 'நிறுத்தப்படுகிறது' என்றது. மெதுவாக… மரியாதையாக… அணைந்தது.

டினுஷா கத்தவில்லை. மேசையில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"சொன்னன்தானே தங்கச்சி. அவருக்கு நான் பாக்கிறது விருப்பமில்ல."

கடையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடியது. இங்கே பதினொரு நிமிடம்.

அப்படியென்றால் பழுது பெட்டியில் இல்லை.

வீட்டில்.

*

"டீச்சர், எழும்புங்க. நான் கதிரையில இருக்கன்."

கணினி தனக்கு நடப்பதையெல்லாம் உள்ளுக்குள் ஒரு பதிவாக எழுதிக்கொண்டே இருக்கும். எப்போது எழும்பியது, எப்போது படுத்தது, யார் படுக்க வைத்தது. நேற்றே இதைப் பார்த்திருக்க வேண்டும். உப்பிய கப்பாசிட்டரைக் கண்ட சந்தோசத்தில் மறந்துவிட்டாள்.

கணினியை மீண்டும் போட்டு, அந்தப் பதிவைத் திறந்தாள். படித்தாள்.

"டீச்சர்… ரெண்டு பேர் அணைச்சிரிக்காங்க."

"என்ன?"

"பத்து நாளில பதினேழு தரம் அணைஞ்சிரிக்கு. ஆறு தரம் மின்சாரம் அறுந்து விழுந்திரிக்கு. அது பழைய பவர் சப்ளைர வேல. மிச்சம் பதினொண்டும்…" விரலால் திரையைத் தொட்டாள். "அணை எண்டு ஆரோ சொல்ல, அது அணைஞ்சிரிக்கு."

"ஆரு சொன்ன?"

"கொம்பியூட்டருக்குள்ள ஒரு சின்ன ஆப் இரிக்கு. போன்ல இருந்து இத அணைக்கலாம். அத அணைக்க மட்டும்தான் ஏலும், வேற ஒண்டும் செய்ய ஏலாது. ஒரே வைஃபையில இருக்கவும் வேணும்."

டினுஷா சுவரில் சாய்ந்தாள். "அது அவர்தான் போட்டவர். கட்டில்ல கிடந்துகொண்டே அணைப்பார். ஆக்கள் வந்தா, பாருங்க மந்திரம் எண்டு அணைச்சுக் காட்டுவார்."

"அந்த போன் எங்க?"

"அவரோட தண்ணிக்குள்ள போனது."

முப்லிஹா ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தாள். இந்த நிமிடம் இந்த வீட்டு வைஃபையில் இணைந்திருக்கும் கருவிகள்…

ஒன்று, கணினி.

இரண்டு, டினுஷா டீச்சரின் போன்.

மூன்று…

'ஜூலியன் போன்'.

வாவியில் எங்கோ ஒரு இயந்திர வள்ளம் இருமிக்கொண்டு போனது.

"மையவாடிக் குழிக்குள்ள இருந்து வைஃபை எடுக்காது டீச்சர்," என்றாள் முப்லிஹா, கடைசியில். "இந்த போன் நூறடிக்குள்ள இரிக்கு. வெச்சிருக்கிறவர் உங்களக் காணுறார். நீங்க இதுல இருக்கிற நேரம் பாத்துத்தான் அணைக்கிறார்."

மெல்ல எழுந்தாள். ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். மூடும்போது, கண்ணை மட்டும் உயர்த்தினாள்.

பக்கத்து வீடு. மேல் மாடி. சாத்திய ஜன்னல்.

ஒரு பலகை மட்டும், இரண்டு விரல் அளவு விலகியிருந்தது.

*

திரை மூடிய அறையில் கணினி அரை மணி நேரம் அசையாமல் ஓடியது.

"அவர் நீங்க எதக் காணக் கூடாதெண்டு பயப்படுறார்?" என்றாள் முப்லிஹா. "ஏஜென்சிக் கோப்பு எங்க இரிக்கு?"

டினுஷா காட்டினாள். ஆட்களின் பெயர்களில் வரிசையாக உறைகள். கடைசியாகத் திறக்கப்பட்டது 'தவேந்திரன்'.

முதலில் ஒரு மரண அறிவித்தல்.

'மட்டக்களப்பு வாவியில் நிகழ்ந்த எதிர்பாராத விபத்தில் அகால மரணமடைந்த அமரர் ஜூலியன்…' கீழே, 'தகவல்: மனைவி டினுஷா.'

"இது நான் எழுதினது இல்ல," என்றாள் டினுஷா. "அறிவித்தல் எழுதினது எங்கட சித்தப்பா. இப்பிடி இல்ல அது."

"எழுதின திகதியப் பாருங்க."

டினுஷா பார்த்தாள். உதடு அசைய எண்ணினாள்.

ஜூலியன் இறப்பதற்கு நான்கு நாட்களுக்கு முன்பு.

அடுத்த கோப்பு, ஒரு பாஸ்போட்டின் பக்கம். பெயர், தவேந்திரன். பிறந்த இடம், மட்டக்களப்பு. படம்…

கூடத்தில் மாலைக்குள் சிரித்துக்கொண்டிருந்த அதே முகம்.

மூன்றாவது, விமானப் பயணச்சீட்டு. தவேந்திரனின் பெயரில். வள்ளம் கவிழ்ந்ததற்கு அடுத்த நாள்.

முப்லிஹா டினுஷாவின் பக்கம் திரும்பினாள். "டீச்சர்… ஏஜென்சியில ஏதும் பிரச்சினையா?"

"இருபத்தேழு பேர், குடுத்த காசத் தராட்டி பொலிசுக்குப் போகப்போறம் எண்டு வீட்டு வாசல்ல வந்து நிண்டாங்க. அதுக்குப் புறகு ஒரு கிழமையில தான்…" டினுஷாவின் கை வாய்க்குப் போனது. "அப்ப நான் அடக்கம் செய்தது ஆர?"

பதில் இருவருக்கும் தெரிந்தது. ருமேனியாவிலிருந்து மெசேஜ் மட்டும் போடுகிற ஒருவன். குரலே இல்லாத ஒருவன்.

"அவர் உயிரோட இரிக்கார்," என்றாள் டினுஷா.

அந்தக் குரலில் பயம் இருந்தது. வெறுப்பு இருந்தது. அடியில், மிக அடியில், வேறொன்றும் இருந்தது. முப்லிஹா அதைக் கேட்காத மாதிரி போனை எடுத்தாள்.

*

பொலிஸ் ஸ்டேஷனில் போனை எடுத்து, அவள் சொன்னதை முழுதும் கேட்ட சப் இன்ஸ்பெக்டர் ஆதம்பாவா எதையும் இரண்டு தடவை கேட்காதவர்.

"ஆள் ஓடிருவானா புள்ள?"

"ஜன்னல் திரைய மூடி அரை மணி நேரமாகுது சேர். சந்தேகப்பட்டிருவார்."

"அப்ப திறங்க. வழமை போல நடக்கட்டும். நாங்க வாவிப் பக்கத்தால வாறம். பதினஞ்சு நிமிசம்."

முப்லிஹா போனை வைத்தாள். "டீச்சர், திரையத் திறந்திட்டு நீங்க இதுல இருக்க வேணும். ஒண்டும் தெரியாத மாதிரி. ஏலுமா?"

டினுஷா குளியலறைக்குப் போனாள். முகம் கழுவி வந்தாள். மூன்று மாதமாக முடிந்தே கிடந்த கூந்தலை அவிழ்த்து, வாரி, உயர்த்திக் கொண்டை போட்டாள்.

"என்ன செய்றிங்க?"

"அவருக்கு இப்பிடிக் கட்டினாத்தான் பிடிக்கும்."

முப்லிஹா ஜன்னல் பக்கம் போனாள்.

ஜன்னல் திரை விலகியது. டினுஷா நாற்காலியில் இருந்தாள். மேலே பார்க்கவில்லை. கணினியில் கலியாணப் படத்தைத் திறந்து வைத்தாள். முப்லிஹா கதவு மறைவில் நின்று மணிக்கூட்டைப் பார்த்தாள்.

"ஜூலியன்," என்றாள் டினுஷா திரையைப் பார்த்து, மிக மெதுவாக. "ஒருக்கா எண்டாலும் சொல்லியிருக்கலாம்தானே…"

ஒன்பது நிமிடம்…

பத்து…

திரை நீலமானது. 'நிறுத்தப்படுகிறது.'

அதே நேரம் பக்கத்து வீட்டில் கதவு உடைந்தது.

*

இரண்டு பெண்களும் ஓடிப்போனபோது மாடிப்படியின் அடியில் கேதீஸ்வரி குறுக்கே விழுந்து கிடந்தாள். ஒரு கொன்ஸ்டபிளின் காலை இறுகக் கட்டிப் பிடித்திருந்தாள்.

"மேல ஒருத்தரும் இல்ல சேர்… ஆண்டவனாண ஒருத்தரும் இல்ல…"

"ஜூலியன்," ஆதம்பாவாவின் குரல் மாடியில் இடித்தது. "கைய உசத்திக்கொண்டு வெளிய வா."

தாழ்ப்பாள் விலகும் சத்தம்.

டினுஷா படியில் மூன்றாவது அடியில் நின்றாள். கொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். அது தன்னையறியாமல் செய்தது.

கதவு திறந்தது.

வெளியே வந்தவன் மெலிந்து, தாடி மூடி, வெயில் காணாத தோலோடு இருந்தான். இடது காதுக்கு மேலே மயிர் முளைக்காத ஒரு நீண்ட தழும்பு. கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு போன்.

அது ஜூலியன் இல்லை.

"தவேந்திரன்…" என்றாள் டினுஷா.

படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு மணி நேரத்துக்கு முன் கல்லறையிலிருந்து எழும்பி வந்த புருசன், இப்போது இரண்டாம் தடவையாகச் செத்தான்.

"நான் கொல்லல்ல டீச்சர்." தவேந்திரனின் கைகள் மேலேயே இருந்தன. "விடியக்காலம தன்னாமுனைக்கு வரச் சொன்னார். விசா வந்திட்டு, வள்ளத்துல போய்க் கதைப்பம் எண்டார். நடு வாவியில தன்ட சேட்டையும் மோதிரத்தையும் கழட்டித் தாறன், நீ போடு எண்டார். படமெடுக்க எண்டார். நான் மாட்டன் எண்டன். திரும்பினன்… துடுப்பால அடிச்சார்."

தழும்பைத் தொட்டான்.

"வள்ளம் கவிண்டது. நான் மீன் பிடிக்கிறவன், நீந்துவன். அவர் தண்ணிக்குள்ள தாண்டார். கையக் குடுத்தன் டீச்சர். அவர் பிடிச்சது என்ட கழுத்த."

ஆதம்பாவா அவன் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டார்.

"உதறிட்டு வந்தன். அவர்ர போன் உறையோட மிதந்தது. நான் கூட வந்தத எடுத்த படம் இருக்குமெண்டு பயத்துல எடுத்தன். அவர் திரையில கோடு போட்டுத் திறக்கிறத எத்தினையோ தரம் பாத்திரிக்கன். அக்காதான் இஞ்ச ஒளிச்சு வெச்சா. ருமேனியாவுக்குப் போயிட்டன் எண்டு ஊருக்குச் சொன்னா."

"கொம்பியூட்டர ஏன் அணைச்ச?" என்றார் ஆதம்பாவா.

"என்ட பேரில ஒரு கோப்பு அதுக்குள்ள இரிக்கு சேர். என்ட கண் முன்னாலதான் போட்டார். டீச்சர் அதக் கண்டா, கடைசியா அவரோட இருந்தது நான்தான் எண்டு தெரியும்… களவா எடுக்கவும் வந்தன். ஏலாமப் போயிட்டு."

முப்லிஹா அவனைப் பார்த்தாள். மூன்று மாத இருட்டு அவன் கண்ணில் அப்படியே இருந்தது.

"அந்தக் கோப்புக்குள்ள என்ன இரிக்கெண்டு தெரியுமா உங்களுக்கு?"

"என்ட அடையாள அட்டையும் படமும்."

"அவர் சாக முன்னமே எழுதின அவர்ர மரண அறிவித்தல். உங்கட பேரில, அவர்ர முகத்தோட ஒரு பாஸ்போட். கொல்லப் பாத்தது ஆரெண்டு அவரே எழுதி வெச்சிட்டுப் போயிரிக்கார். உங்களக் காப்பாத்தக் கூடிய ஒரே சாட்சியத்தான் நீங்க பன்னெண்டு தரம் அணைச்சிரிக்கிங்க."

தவேந்திரனின் கைகள் தாமாகக் கீழே இறங்கின. யாரும் அவற்றை மீண்டும் உயர்த்தச் சொல்லவில்லை.

டினுஷா எழுந்தாள். ஒவ்வொரு படியாக ஏறி அவன் முன்னால் நின்றாள். கை ஓங்குவாள் என்று கொன்ஸ்டபிள் ஒருவர் முன்னே வந்தார்.

அவள் அந்தத் தழும்பைப் பார்த்தாள். நீண்ட நேரம்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

அவன் அழத் தொடங்கினான். அவள் கொண்டையை அவிழ்த்துவிட்டு, கேதீஸ்வரியைத் தூக்கி நிறுத்தக் கீழே இறங்கினாள்.

*

கணினிப் பெட்டி சாட்சிப் பொருளாக ஜீப்பில் ஏறியது. முப்லிஹா வாக்குமூலத்தில் கையெழுத்து வைத்தாள். வாவிக்கு மேலே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

ஆதம்பாவா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"புள்ள, எங்கட ஸ்டேஷன்லயும் ஒரு கொம்பியூட்டர் இரிக்கு. பெரிய இடத்து ஆக்களுக்கு எதிரான முறைப்பாட்ட அடிக்கப் போனா மட்டும் தானா அணையுது. ஒருக்கா வந்து பாப்பியா?"

முப்லிஹா ஹெல்மெட்டை மாட்டினாள்.

"வாறன் சேர். ஆனா அங்க அணைக்கிறது ஆரெண்டு நான் கண்டுபிடிச்சா, உள்ளுக்குப் போறது நானாத்தான் இருக்கும்."